பதினொன்றரைக்குத் திரும்புகிறவர்

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு மணித்தியாலம் எடுக்கும். சோபாவிலிருந்து எழும்பும்போது ஒரு "சரி, அப்ப வாறம்." சப்பாத்துப் போடும்போது இன்னொன்று. கதவைப் பிடித்துக்கொண்டு யாருடையதோ கலியாணக் கதை தொடங்கி, அது முடிய மூன்றாவது. காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி நாலாவது. முதல் "வாறம்" என்பதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் இன்னொரு தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பார்.

அக்கா ஒருமுறைதான் சொல்லுவார். "நான் வாறன்." அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் கதிரை காலியாக இருக்கும்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். சின்னப் பிள்ளையாக கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கி, பிறகு டோர்ட்மண்டில் வளர்ந்து, முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்தார். நான் டோர்ட்மண்டிலேயே பிறந்தவள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தது ஓட்டம். எங்கள் சனத்தில் ஓட்டத்துக்கென்று சப்பாத்து வாங்கி, குளிரிலும் மழையிலும் ஓடுகிற பெண்கள் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். கோயிலில் அவரை "ஓடுற அக்கா" என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் "ஆரோடை ஓடினவ?" என்று கேட்பதும், எல்லாரும் சிரிப்பதும் வழக்கம். அக்காவும் சிரிப்பார். "இன்னும் ஒருத்தரும் பிடிபடேல்லை" என்பார், புருசன் பக்கத்தில் நிற்கும்போதே.

ஒரு கலியாணத்துக்கு நாங்கள் ஒன்றாகப் போயிருந்தோம். நாலு மணிக்கு வெளிக்கிடுவேன் என்று காரிலேயே சொல்லியிருந்தார். எங்கள் கலியாணங்களில் நாலு மணிக்குத்தான் படம் எடுக்கிற வரிசை பாதிக்கு வரும். நாங்கள் மேடைப் படியில் நின்றோம், எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். பரிசுப் பெட்டியை என் கையில் தந்தார். "நான் வாறன்." அந்தக் கலியாண அல்பத்தில் இரண்டு பரிசுப் பெட்டிகளுடன் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறவள் நான்தான்.

ஓட்டத்திலும் இதே கதைதான். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வருவார். ரூர் ஆற்றுக்கு மேலே காட்டுக்குள் ஒரு பழைய கோபுரம் இருக்கிறது. முதல்முறை அங்கே போனபோது கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, இருநூறு மீற்றர்கூட இல்லை. அக்கா நின்றார். ஒரு மணித்தியாலம் முடிந்துவிட்டதாம். நான் கெஞ்சினேன்.

"உந்தா தெரியுது அக்கா. ரெண்டு நிமிசம்."

"அது எங்கையும் போகாது பிள்ளை. பேந்து வருவம்."

அவர் திரும்பினார். நான் தனியே போய்க் கோபுரத்தைத் தொட்டு, படம் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்து அவரைப் பிடித்தேன். எனக்குக் கோபம். தொடங்கியதை முடிக்காமல் விட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைப் பாதியில் விடாதே, சங்கீத வகுப்பைப் பாதியில் விடாதே, தட்டில் போட்டதை மிச்சம் விடாதே. அக்கா தட்டில் மிச்சம் விடுவார். "காணும்" என்று சொல்லித் தள்ளிவைப்பார், அது யார் வீட்டுச் சமையல் என்றாலும்.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய காரணம் இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷோனெஃபெல்டில் வந்து இறங்கியவர்களிடம் நாங்கள், இங்கே பிறந்தவர்கள், எப்போதும் ஒரு சண்டைக் கதையைத் தேடுவோம். ஒருநாள் கேட்டும்விட்டேன். சின்ன வயதில் ஏதாவது நடந்ததோ, யாராவது நேரம் பிந்தி ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார். "எனக்கு முழங்கால் சரியில்லை. வைச்ச நேரத்துக்கு மேலை ஓடினால் அடுத்தநாள் வேலையிலை குனிய ஏலாது. பிறகு அது பழகியிட்டுது."

அவர் வெறும் பிடிவாதக்காரி என்று எழுதினால் அநியாயம். அம்மாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தபோது, செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு வந்து நாலு மணிவரை நடக்கப் பழக்குவேன் என்று சொன்னார். ஆறு கிழமை. அம்மா கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாலு மணிக்கு எழும்பிப் போய்விடுவார். முதல் கிழமை அம்மா கொதித்தார்.

"இவ என்ன, பஸ்ஸோ?"

மூன்றாம் கிழமை, ரெண்டே முக்காலுக்கே அம்மா தலை இழுத்து, ஊன்றுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் "கட்டாயம் வாறம் அன்ரி" என்று தொலைபேசியில் சொன்னவர்கள்தான். "பஸ் பிந்தினாலும் இவ பிந்தமாட்டா," என்றார் அம்மா. போகிற நேரத்துக்குப் போகிறவர்கள்தான் வருகிற நேரத்துக்கு வருகிறார்கள் என்பதை நான் அப்போது கவனித்தேன். கவனித்தும் எனக்குள் எதுவும் மாறவில்லை.

அதே காலத்தில்தான் அக்கா சனிக்கிழமைகளில் ஃபீனிக்ஸ் ஏரியைச் சுற்றி எங்கள் பெண்களை ஓட வைத்தார். பதினொரு பேர். சுரிதாரும் விளையாட்டுச் சப்பாத்துமாக வருவார்கள். பாதிப்பேர் நடப்பார்கள், பாதிப்பேர் கதைப்பார்கள். சிலருடைய புருசன்மார் காருக்குள் காவல் இருப்பார்கள். ஒரு சுற்றுத்தான். உற்சாகம் வந்து இன்னொரு சுற்று என்றால் "அடுத்த சனி" என்பார். பத்து வருடமாக வீட்டையும் வேலையையும் தவிர வேறொன்றும் தெரியாத பெண்கள் அந்த ஒரு சுற்றுக்காகக் கிழமை முழுக்கக் காத்திருந்தார்கள். அக்கா பெருமைப்பட்டு நான் பார்த்த ஒரே விசயம் அதுதான்.

ஆல்ப்ஸ் மலைக்குப் போவது என் யோசனை. ஆல்கொய் பக்கத்தில் ஒரு பாதை இருப்பதாக வாசித்திருந்தேன். பள்ளத்தாக்கிலிருந்து காட்டுக்குள் ஏறி, ஒரு மலைவிடுதியைத் தாண்டி, கணவாய்க்குப் போய், அங்கிருந்து முகட்டின்மேல் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் கடந்து, ஒரு ஏரிக்கரை விடுதி வழியாகப் பழைய இடத்துக்கே வந்துசேருகிற வட்டம். இருபத்திரண்டு கிலோமீற்றர், ஆயிரத்து எழுநூறு மீற்றர் ஏற்றம். ஓடுகிறவர்களுக்கே கடினமான பாதை என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

அக்கா வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதிலை எங்கை திரும்புறது?"

"இது வட்டம் அக்கா. திரும்பத் தேவையில்லை. போய்க்கொண்டே இருந்தால் கார் நிண்ட இடத்துக்கு வந்திடுவம்."

"வட்டத்திலையும் திரும்புற இடம் இருக்கு," என்று கணவாயில் விரலை வைத்தார். "பதினொண்டரைக்கு முதல் இஞ்சை வந்தால் மேலை போவம். பிந்தினால் வந்த வழியாலை இறங்கிறது. பின்னேரம் இடி மின்னல் வரும் உந்த மலையளிலை. சரியோ?"

"ஓம் அக்கா," என்றேன். அந்த நேரத்தில் எதற்கும் ஓம் என்றிருப்பேன்.

காலை ஏழு மணிக்கு முதலே வெளிக்கிட்டோம். முதல் இரண்டு மணித்தியாலம் காட்டுப்பாதை, வேர்களும் ஈரமான கல்லுமாக. ஓட்டம் என்று பேர்தானே ஒழிய, ஏற்றத்தில் நீட்டிச் சுருக்கக்கூடிய தடிகளை ஊன்றிக் கெதியாக நடப்பதுதான். மலைவிடுதியில் நான் கோப்பி குடித்தேன், கேக் சாப்பிட்டேன். பசுக்களோடு படம் எடுத்தேன். அக்கா வெளியே மர வாங்கில் இருந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். விடுதிக்கு மேலே மரங்கள் முடிந்து வெறும் கல். ஒவ்வொரு அடிக்கும் சல்லி சறுக்கியது. தொடை எரிந்தது. இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்செடுத்தேன். அக்காவுக்கு முழங்கால் நோ இருந்தது, ஆனால் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். கணவாய்க்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. மேற்குப் பக்கம் முகில் கட்டத் தொடங்கியிருந்தது. அவ்வளவாகக் கறுப்பில்லை.

இரும்புக் கயிறு தொடங்குகிற இடம் கணவாயிலிருந்து ஒரு ஐம்பது மீற்றர். நான் நிற்காமல் அதை நோக்கி நடந்தேன். அக்கா வழிகாட்டிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். காற்று பலமாக இருந்தாலும் அவர் குரல் தெளிவாகவே கேட்டது.

"நேரமாச்சு பிள்ளை. நான் வாறன்."

"ஓம் அக்கா, வாங்கோ," என்று கையைக் காட்டிவிட்டு நான் கயிற்றைப் பிடித்தேன்.

அவர் சொன்னது, நான் இறங்கப்போகிறேன், போய்வருகிறேன் என்று. நான் எடுத்துக்கொண்டது, பின்னால் வருகிறேன் என்று. நான் சொன்னது, வாருங்கள் என்று. அவர் கேட்டது, சரி, போயிட்டு வாங்கோ என்று. போகிற வேளையில் போறன் என்று வாயால் சொல்லாத ஒரு சனத்தில் பிறந்த இரண்டு பெண்கள், ஒரு கணவாயில் நின்று, ஒரே சொல்லைக் கொடுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனோம். இரண்டு பேருக்கும் தமிழைவிட ஜெர்மன் நன்றாக வரும். ஜெர்மனில் சொல்லியிருந்தால் மூன்று சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் ஓடும்போது தமிழில்தான் கதைப்போம். எனக்கு வீட்டுக்கும் கோயிலுக்கும் வெளியே தமிழ் கதைக்க வேறு ஆளும் இல்லை.

முகட்டில் ஒரு தட்டையான இடத்தில் நின்று பார்த்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, அக்கா விழுந்துவிட்டார் என்ற எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவில்லை. தொலைபேசியில் தொடர்பு இல்லை. வந்த வழியே திரும்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். ஆலங்கட்டி மழை தொடங்கியது. கீழே ஒரு பிளவுக்குள் செம்மஞ்சளாக ஏதோ கிடந்தது. அக்காவின் ஜாக்கெட் அந்த நிறம். நான் இறங்கினேன். அது யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் பை. ஏறும்போது கால் சறுக்கி, விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்தது. பிறகு ஒரு பாறைக்குக் கீழே குந்தியிருந்தேன். இடி தலைக்கு மேலே விழுவதுபோல இருந்தது. நான் அழுதது என் கைக்காக இல்லை. அக்கா செத்துப்போனார், நான்தான் கூட்டிவந்தேன் என்று அழுதேன்.

பின்னேரம் ஐந்து மணிபோல் மலை மீட்புக்காரர் வந்தார்கள். அக்கா பத்திரமாக இருக்கிறாரா என்று நான் கேட்க, அவர்கள் விழித்தார்கள். அவர்களைக் கூப்பிட்டதே அவர்தானாம். ஒரு மணிக்கு விடுதிக்கு இறங்கிவந்து, இரண்டரைக்கு ஏரிக்கரை விடுதியோடு தொலைபேசியில் கதைக்கச் சொல்லி, நான் அங்கே வந்துசேரவில்லை என்றதும், எத்தனை மணிக்கு நான் எங்கே நின்றேன், என்ன வேகத்தில் போவேன், என்ன நிற உடுப்பு என்று எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். விடுதிக்காரர் மழை விடட்டும் பார்ப்போம் என்றபோது, "அவள் வழியில் நிற்கிற ஆள் இல்லை. வரவில்லை என்றால் அவளால் வர ஏலாமல் இருக்கிறது," என்று சொன்னாராம். "உங்கள் தோழி அருமையாகச் சொன்னார்," என்றார் மீட்புக்காரர்களில் இளையவர். "பிறகு சூப் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்." எனக்கு அந்தச் சூப் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அக்கா எனக்கு உலர்ந்த காலுறை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"விட்டிட்டு வந்திட்டியளே அக்கா."

"சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்."

"வாறன் எண்டுதானே சொன்னியள்."

"வேறை என்னெண்டு சொல்லுறது?" என்றார். "மலையிலை நிண்டுகொண்டு போறன் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

திங்கள் அவருக்குக் காலை வேலை. ஞாயிறு இரண்டு மணிக்கு வெளிக்கிடுவேன் என்று முதலே சொன்னபடி, இரண்டு மணிக்கு ரயிலேறிப் போனார். என்னையும் காரையும் கூட்டிப்போக அண்ணா வந்தான். இரண்டாவது முறையும் விட்டுவிட்டுப் போனார் என்று நான் அண்ணாவிடம் சொன்னேன்.

பழங்களோடு பார்க்க வந்த எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன். என் கையில் கட்டு இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது, கதை தானாகவே நன்றாக வந்தது. எங்கள் சனம் அதை எடுத்துக்கொண்டு ஓடியது. அடுத்த மாதம் ஏரிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். "மலையிலை ஆளை விட்டிட்டுச் சூப் குடிக்கிறவவோடை எங்கடை பெண்டுகளை என்னெண்டு அனுப்புறது?" என்று ஒரு புருசன் கேட்டது என் காதுக்கே வந்தது. பிறகு அந்த இரண்டு பேரும் வரவில்லை. அக்கா சனிக்கிழமைகளில் தனியாக ஒரு சுற்று ஓடினார். அக்கா ஒருவருக்கும் விளக்கம் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அம்மா மட்டும் அவர்களோடு சேரவில்லை. கனநாளுக்குப் பிறகு, நான் வேறு யாரிடமோ கதையைச் சொல்லி முடித்ததும், கேட்டார்.

"அவ வாறன் எண்டால் போறா எண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியும். நாலு வருடமாகத் தெரியும். அதைவிட ஒன்று உண்டு, அதை நான் அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஏறும்போது தடியைக் கட்டையாக்குவோம். முகட்டில் கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் தடியை மடித்து முதுகுப் பையில் செருகுவோம். இறங்கும்போதுதான் தடியை நீட்டுவோம். அக்கா "நான் வாறன்" என்று சொன்னபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு தடியையும் நீட்டிப் பூட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தேன், விளங்கியது. வெறும் இருபது நிமிடத்துக்காக இவ்வளவையும் விடுவதா என்று நெஞ்சு எரிந்தது. அவர் வரவேண்டும் என்று அவ்வளவு விரும்பினேன். அதனால் அந்தச் சொல்லுக்கு எனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். முகட்டில் காத்திருந்த அரை மணித்தியாலத்தில் அதை நானே உண்மை என்று நம்பிவிட்டேன்.

இதை அக்காவிடம் சொல்லவேண்டும் என்று அம்மா கேட்ட அன்றே தீர்மானித்தேன். கைக்குப் பழைய பலம் வரட்டும் என்று தள்ளினேன். பிறகு நத்தார் கழியட்டும் என்று. பிறகு வேலை கூட என்று. அக்கா வீட்டுக்குப் போனபோது, மலையிலிருந்து வந்து ஒரு வருடமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது.

அவர் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"அக்கா, அண்டைக்கு உங்கடை தடியைப் பார்த்தனான். நீங்கள் இறங்கப்போறியள் எண்டு எனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார். "என்ரை கையைப் பார்த்துப்போட்டுத்தானே வாங்கோ எண்டனி."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அது நீ சொல்லவேண்டிய விசயம். ஒரு வருசம் பார்ப்பம் எண்டு நினைச்சிருந்தனான்." குரலில் கோபம் இல்லை. வேலையிடத்தில் நோயாளியின் காய்ச்சலைச் சொல்வதுபோலச் சொன்னார். "அது போன மாதம் முடிஞ்சுது பிள்ளை."

"ஒரு மாதம்தானே அக்கா பிந்தினது."

"ஓம். ஒரு மாதம்தான்."

அவ்வளவுதான். தேத்தண்ணி தந்தார், சீனி அளவாகப் போட்டு. அம்மாவின் இடுப்பைப் பற்றி விசாரித்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அழுது, கட்டிப்பிடித்து, மன்னித்திருப்பார்கள். அவர் மீன் வெட்டப் போனார். அவரிடம் எனக்கிருந்த பயமும் மரியாதையும் அன்பும் மூன்றும் ஒன்றாகக் கூடின, இன்றைக்கும் குறையவில்லை.

இனிச் சொல்லி எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் கோப்பி குடிக்கும்போது போய், ஏரியில் ஓடிய அந்தப் பெண்களிடமும் அவர்களுடைய புருசன்மாரிடமும் சொன்னேன். தடியைப் பார்த்ததையும் சொன்னேன். அந்தப் பெண்களில் மூத்த ஒருவர், "உனக்கு வெக்கமா இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அதற்கடுத்த சனி ஏரிக்கு ஒன்பது பேர் வந்தார்களாம். ஒரு சுற்று ஓடினார்களாம். அம்மா ஊன்றுகோல் இல்லாமல் போய்க் கரையில் வாங்கில் இருந்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். என்னை ஒருவரும் கேட்கவில்லையா என்று நான் விசாரித்தேன்.

"இல்லை," என்றார் அம்மா.